இலை போகட்டும், நீர் தங்கட்டும்

ஐசால் நகரில் கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு மட்டுமல்ல, குடிநீருக்கும் அதுவே ஆதாரம். மலைமுகட்டில் இருக்கும் இந்த மிசோரம் தலைநகருக்குக் குழாய்த் தண்ணீர் வரவேண்டுமானால், பள்ளத்தாக்கில் ஓடும் ட்லாங் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற்றப்பட வேண்டும். அதனால் தகரக் கூரையில் விழும் மழையை, விளிம்பில் பொருத்திய வாய்க்காலில் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பது அங்கே நீண்டகால வழக்கம். ஜூலையில் அந்த வாய்க்காலை இலை அடைத்துக்கொண்டால், வழிந்து வீணாவது பிப்ரவரியில் குடிக்க வேண்டிய தண்ணீர்.

ஷில்லாங், குடகு, கேரளம், நீலகிரி என்று சரிவுக் கூரை உள்ள ஊர்களில் எல்லாம் இதே தொல்லைதான். தண்ணீர் சேமிக்காத வீட்டிலும் நஷ்டம் உண்டு. வழிகிற நீர் சுவரில் இறங்கும், கூரைச் சட்டம் உளுத்துப்போகும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு பரப்பும் கொசுக்கள் பறக்கத் தயாராகிவிடும்.

குறுகலான வாய்க்காலுக்குச் சிக்கல் அதிகம். அரைவட்ட வடிவில் 4 அங்குல அகலமுள்ள வாய்க்கால், 6 அங்குல வாய்க்கால் கொள்ளும் நீரில் பாதியைக்கூடக் கொள்ளாது. 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் இறங்கும். அதற்கே திணறும் வாய்க்காலுக்குள் எதையும் திணிக்கக் கூடாது. இலைத் தடுப்பு வாங்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய முதல் விதி இதுதான்.

பஞ்சுத் துண்டு, பிரஷ் போன்ற தடுப்புகள் வாய்க்காலுக்குள் உட்காருபவை. அவை இடத்தை அடைப்பதோடு மண்ணையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு மழை பெய்தால் அதில் செடி முளைக்கும். முழுவதும் மூடி, முனையில் வளைந்த தகடு இன்னொரு வகை. இலை வெளியே விழ, நீர் மட்டும் தகட்டை ஒட்டி வளைந்து உள்ளே போக வேண்டும் என்பது ஏற்பாடு. தூறலுக்கு இது சரி. நம் பருவமழை கொட்டும்போது பாதி நீர் தாண்டிக் குதித்துவிடும். இறக்கக் குழாயின் வாயில் வைக்கும் கம்பிக் குமிழ் விலை மலிவு. ஆனால் அது குழாயைத்தான் காக்கும், வாய்க்காலை அல்ல. இலைகள் குமிழைச் சுற்றியே குவியும்.

மிஞ்சுவது மேலே விரிக்கும் கம்பிவலை. குறுகலான வாய்க்காலுக்கு இதுதான் உகந்தது. கண்ணின் அளவை மரம் தீர்மானிக்கட்டும். பலா, மா, ரப்பர் இலைகளுக்குக் கால் அங்குலக் கண் போதும். ஷில்லாங் பக்கத்துப் பைன் ஊசிகளோ அதில் குண்டூசிபோல் குத்தி நிற்கும். அதற்கு ஜன்னல் கொசுவலை போன்ற நெருக்கமான வலை வேண்டும். அப்படிப்பட்ட வலையில் தூசியும் பாசியும் சீக்கிரம் படியும் என்பதால் அடிக்கடி துடைக்க வேண்டும். புளி, குல்மொஹர் போன்ற பொடி இலை மரங்களின் கீழே வலையை நம்புவதைவிட, வாய்க்காலைத் திறந்தே விட்டு மாதம் இரு முறை கூட்டுவது மேல்.

துத்தநாகம் பூசிய தகரத்துக்கு அதே பூச்சுள்ள வலை அல்லது அலுமினிய வலை போடுங்கள். செப்பு வலை கூடாது, அதில் பட்டு வடியும் நீர் துத்தநாகத்தை அரித்துவிடும். சாதாரண நைலான் வலை வெயிலில் நொறுங்கும்.

பொருத்துவதற்கு முன் வாய்க்காலைச் சுத்தம் செய்து, ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் சாய்வு போதவில்லை என்று பொருள். மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். தாங்கிகளைச் சரிசெய்யாமல் வலை போடுவது குப்பையை மூடிவைப்பதற்குச் சமம்.

வலையை வாய்க்காலின் அகலத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக, 3 அடித் துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை அவசியம். உட்புற ஓரத்தைக் கூரைத் தகட்டின் அடியில் செருகி, வெளி ஓரத்தை வாய்க்காலின் உதட்டில் மடித்து, மெல்லிய கம்பியால் கட்டினால் போதும். கூரைத் தகட்டில் துளை போட வேண்டாம். வலை வெளிப்பக்கம் சற்றே சரிந்து, விறைப்பாக நிற்க வேண்டும். அப்போதுதான் காய்ந்த இலை காற்றில் பறந்துவிடும். தொட்டில்போல் தொய்ந்தால் இலை அங்கேயே மட்கும். குழாய் வாய்க்கு மேலுள்ள துண்டு தனியாகக் கழற்ற வரட்டும். இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் மூலையில் நீர் வேகமாக வந்து வலைமேல் தாவும். அங்கே வாய்க்காலின் வெளி விளிம்பில் ஒரு சாண் உயரத் தகட்டை நிறுத்துங்கள்.

ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி ஊன்றி, மேல்முனையைக் கட்டிவிட்டு, கீழே ஒருவரை நிறுத்திய பிறகே ஏறுங்கள். பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்பதையும் பாருங்கள். ஈரத் தகரத்தில் கால் வைக்கவே வேண்டாம்.

வலை போட்டாயிற்று என்று ஏணியை விற்றுவிட முடியாது. பறவை எச்சத்தையும் தூசியையும் வலை தடுக்காது. எனவே குடிக்கும் வீடுகளில் பருவத்தின் முதல் மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றுவதும், தொட்டியின் வாயில் வடிகட்டி வைப்பதும் தொடர வேண்டும். கேரளத்தில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை வருவது ஜூனில். இடையில் மே மாதத்தில் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்கினால், மழைக்கு நடுவே நனைந்துகொண்டு ஏணி ஏறும் வேலை மிச்சம். மரம் கவிந்திருப்பது ஒரு பக்கம் மட்டும் என்றால், வலையும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் போதும்.