குட்டி யானைக்கு எத்தனை குதிரை?



என் மேசைமேல் ஒரு பழைய பிஸ்டன் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்குத் தென்காசி வீடுகளில் ஒரு தாள்கூட இருந்த இடத்தில் இராது. தாள்களுக்குப் பாரமாக அந்தப் பிஸ்டனை வைத்திருக்கிறேன். அதன் பக்கங்களில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருக்கின்றன. அவை எப்படி விழுந்தன என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை மலைச்சாலை வழியாகக் கேரளத்துக்குச் சென்றுவந்த ஒரு சிறிய பெட்ரோல் சரக்கு வண்டியின் பிஸ்டன் அது. என் கல்லூரி மாணவர் ஒருவரின் தந்தை கடனுக்கு வாங்கிய வண்டி. கடன் தீர இன்னும் ஓராண்டு இருக்கையில், புளியரை 'எஸ்' வளைவுக்குச் சற்று மேலே எந்திரம் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. பிஸ்டனைக் கொண்டுவந்து காட்டிய மாணவர், "குதிரைத் திறன் அதிகம் என்று சொன்னதை நம்பி அப்பா ஏமாந்துவிட்டார் சார். பெட்ரோல் எந்திரம் பாரத்துக்கு உழைக்காதாம்" என்றார்.

நம் ஊரில் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். இது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறனே ஒரு குதிரைத் திறன். வாட் கணக்கில் சுமார் 735. நம் ஊரில் 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் டாட்டா ஏஸ் வண்டி 2005இல் வெளிவந்தபோது அதில் இரண்டு சிலிண்டர் டீசல் எந்திரம் இருந்தது. அதன் திறன் 16 குதிரைதான். ஆனால் 750 கிலோ பாரம் ஏற்றலாம் என்றார்கள். இது எப்படி முடியும்?

வண்டி, ஓட்டுநர், பாரம் எல்லாம் சேர்ந்து 1500 கிலோ என்று கொள்வோம். 20 மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், வண்டி ஏறுகிறது. நொடிக்கு அரை மீட்டர் உயர்கிறது. 1500ஐ 9.8ஆலும் 0.5ஆலும் பெருக்கினால் 7350 வாட். அதாவது 10 குதிரைத் திறன். டயரின் உராய்வு, காற்றின் தடை, பல்சக்கரங்களில் வீணாவது என்று இன்னும் நான்கைந்து குதிரை வேண்டும். ஆக, 16 குதிரை போதும். ஆனால் கையிருப்பு மிகக் குறைவு.

இனி அதே வண்டியில் இரு மடங்கு பாரம் ஏற்றுங்கள். மொத்த எடை 2250 கிலோ. மேலே ஏறுவதற்கு மட்டும் 15 குதிரை வேண்டும். மற்ற இழப்புகளையும் கூட்டினால் 20ஐத் தாண்டும். இல்லாத திறனை எந்திரம் எங்கிருந்து தரும்? வேகம் குறையும். ஓட்டுநர் கீழ் கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துவார். வண்டி ஏறத்தான் செய்யும். ஏனென்றால் கியர் திருப்பு விசையைப் பெருக்கும். ஆனால் அது திறனைப் பெருக்காது என்பதை மறவாதீர்கள். மலை ஏறி முடியும் வரை எந்திரம் தன் முழுத் திறனிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இதனால் என்ன கெடுதி? திறன் என்பது திருப்பு விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே ஒரே திறனை இரு வழிகளில் பெறலாம். 1200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள கார் பெட்ரோல் எந்திரம், நிமிடத்துக்கு 6000 முறை சுழன்று 80 குதிரைக்கு மேல் தருகிறது. பொலேரோ பிக்கப் வண்டியின் 2523 கன சென்டிமீட்டர் டீசல் எந்திரமோ 3200 சுழற்சியில் 75 குதிரைதான் தருகிறது. ஆனால் 1400 முதல் 2200 சுழற்சிக்குள்ளேயே 200 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை அதற்கு உண்டு. காரின் எந்திரத்தில் இதில் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும். அதற்கும் 4000 சுழற்சியைத் தொட வேண்டும். முன்னது பந்தயக் காளை. பின்னது பாரவண்டிக் காளை.

சுழற்சி கூடக்கூடத் தேய்மானம் கூடும். ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் இரு முறை நின்று திரும்புகிறது. நிமிடத்துக்கு 3000 சுழற்சி என்றால் ஒரு மணி நேரத்தில் 3,60,000 முறை! அப்படித் திருப்புவதற்கு வேண்டிய விசை சுழல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

அப்படியானால் பெட்ரோல் எந்திரம் பாரத்துக்கு ஆகாதா? டீசல் எந்திரத்தில் காற்றை மிகுதியாக அழுத்துவதால் அதன் பாகங்களைத் தடிமனாகச் செய்தாக வேண்டும். அது மெதுவாகச் சுழலும். ஆகவே நெடுநாள் உழைக்கும். பெட்ரோல் எந்திரத்தையும் அப்படிச் செய்ய முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் போர்டு நிறுவனம் 2020இல் தன் கனரகப் பிக்கப் வண்டிகளில் 7.3 லிட்டர் பெட்ரோல் எந்திரம் ஒன்றை அறிமுகம் செய்தது. எட்டு சிலிண்டர், வார்ப்பிரும்பு உடல். பிக்கப் வண்டியில் அது 5500 சுழற்சியில் 430 குதிரைத் திறன் தருகிறது. அதே எந்திரத்தை இன்னும் கனமான லாரிகளில் பொருத்தும்போது எத்தனை குதிரை தெரியுமா? 3900 சுழற்சியில் 350 மட்டுமே!

வண்டி பெரிதாகிறது; திறன் குறைகிறது. விந்தையாக இருக்கிறதல்லவா? நாள் முழுவதும் பாரம் இழுக்கும் எந்திரத்தை அதன் உச்சத்தில் ஓட்டக் கூடாது என்பதே இதன் பொருள். 5500க்குப் பதில் 3900 சுழற்சி என்றால் பிஸ்டனைத் திருப்பும் விசை ஏறக்குறையப் பாதியாகிவிடும். எந்திரத்தின் ஆயுளுக்காகவே 80 குதிரைகளை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் மேசைமேல் உள்ள பிஸ்டனுக்கு வருவோம். பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் அலுமினியப் பிஸ்டன் பிழைத்திருப்பதற்குக் காரணம் எண்ணெயும் குளிர்விக்கும் நீரும் வெப்பத்தை உடனுக்குடன் அகற்றுவதே. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்று படித்திருப்பீர்கள். வெப்பம் வெளியேறாவிட்டால் பிஸ்டன் விரிந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, சிலிண்டரின் சுவரில் உரசி இறுகிப்போகும். அந்தக் கீறல்கள் இப்படி விழுந்தவை. அந்த வண்டியில் வழக்கமாக ஏறியது அனுமதித்ததைப்போல இரு மடங்கு பாரம். ரேடியேட்டரில் கசிவு இருந்தது பிறகுதான் தெரிந்தது. பெட்ரோல் என்ன செய்யும், பாவம்!

அந்தத் தந்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. "ஒரே நடையில் கொண்டுபோனால் இந்த வாடகை, இல்லையென்றால் வேறு வண்டி பார்க்கிறேன்" என்று சொல்பவரிடம் தவணை கட்ட வேண்டியவர் என்ன வாதாட முடியும்? ஆனால் இரண்டு நடையை ஒன்றாக்கி மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விட்டது. வண்டி நின்ற மாதங்களின் தவணையும் கைக்கடனாகச் சேர்ந்தது.

என் கருத்து இதுதான். விளம்பரத்தாளில் குதிரைத் திறனைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அது எந்திரத்தின் உச்சம். அன்றாட உழைப்பு அன்று. முழுப் பாரத்துடன் மலைச்சாலையில் அந்த எந்திரம் எத்தனை மணி நேரம் சோதிக்கப்பட்டது என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்க வேண்டும். 2020 ஏப்ரலில் நாடெங்கும் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபின், புகையைத் தூய்மையாக்கும் கருவிகளால் டீசல் வண்டியின் செலவு கூடியது. பெட்ரோலிலும் இயற்கை எரிவாயுவிலும் ஓடும் சிறு சரக்கு வண்டிகள் பெருகிவருகின்றன. ஆதலால் எரிபொருளின் பெயரைக் கேட்டு எந்திரத்தின் ஆயுளை முடிவுகட்டும் பழக்கத்தை இனி விட்டுவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சரக்கு வண்டி வாங்கும் பேச்சு எழுந்தால் சும்மா இராதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் சுழற்சியில் இந்தத் திறன் கிடைக்கிறது? திருப்பு விசை எவ்வளவு, அது எந்தச் சுழற்சியில்? நாம் ஏற்றப்போகும் பாரத்துக்கும் ஏறப்போகும் மலைக்கும் எத்தனை குதிரை வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடையை விற்பவரிடம் எதிர்பார்க்க வேண்டாம். மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்களை இட்டு நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பத்தாம் வகுப்பு இயற்பியலே அதற்குப் போதும்.