மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா?

சிவகாசியில் ஜுமுஆ முடிந்ததும் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மக ஓட்டப்பந்தயத்துல மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கா. காலம் கெட்டுக் கிடக்கு, நிறுத்திரவா?" என்று கேட்டார். அச்சகத் தொழிலாளி. அவருடைய கவலை வீண் கவலையல்ல.

2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். முதலில் புகார் கொடுத்தவர் 19 வயது வீராங்கனை. பிறகு மேலும் ஏழு பேர் முன்வந்தனர். மற்ற பிள்ளைகள் போன பிறகு ஒருவரை மட்டும் நிறுத்திக்கொண்டு, பிசியோதெரபி என்ற பெயரில் அத்துமீறினார் என்பதே குற்றச்சாட்டு. வெளியே சொன்னால் விளையாட்டு வாழ்க்கையே போய்விடும் என்ற பயத்தில் பல ஆண்டுகள் அது அமுங்கிக் கிடந்தது.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் ஊர்கள் நம்முடையவை. தீபாவளி நெருங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. விருதுநகரில் போட்டி என்றால் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. டியூஷன் விஷயத்தில் இதைக் கவனிக்கும் நாம், கோச்சிடம் மட்டும் கேட்கக் கூச்சப்படுகிறோம். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை மைதானத்தில் வேறு யார் இருப்பார்கள்? வெளியூரில் எங்கே தங்குவார்கள், உடன் பெண் பொறுப்பாளர் உண்டா? நல்ல பயிற்சியாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆண் பிள்ளைதானே என்றும் இருந்துவிட முடியாது. போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட இருபாலருக்கும் பொருந்தும்.

பெற்றோர் உடனிருப்பது மட்டும் போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவர் லாரி நாசர், பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் அத்துமீறியிருக்கிறார். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். அவர்களில் சிலர் சிறுவயதிலேயே பெரியவர்களிடம் சொன்னவர்கள். அன்று அந்தப் பேச்சை யாரும் நம்பவில்லை.

நம்மிடையே இன்னொரு வழக்கம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மானம் போய்விடும் என்று ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடிப்பது. இது பிள்ளைக்குச் செய்யும் அநீதி, சட்டப்படியும் குற்றம். போக்சோ 19ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; மறைத்தால் சிறைத்தண்டனை உண்டு. மானத்துக்கும் சட்டம் பாதுகாப்பு வைத்திருக்கிறது: பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது, வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்யலாம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கிவிடுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியவர்கள். அதை நினைவூட்டி, மகளை நிறுத்த வேண்டாம், பயிற்சி முடியும் நேரத்தில் நீங்களோ அவள் தாயோ போய் நில்லுங்கள் என்று அந்தத் தந்தையிடம் சொன்னோம். அச்சகத்தில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.