மருந்து கெட்டிக்கும் ஆசை

துப்பாக்கி என்றதும் நம்மூரில் மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். போலீஸ்காரர், பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி, அப்புறம் கோட்டு போட்ட சினிமா வில்லன். நாலாவதாக ஒருவர் உண்டு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பாசிமணியும் ஊசியும் விற்றுக்கொண்டிருக்கிறார். துப்பாக்கியைப் பற்றி முதல் மூவரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் அவரை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இங்கே நான் சண்டை போடப் போவது அவருக்காக. கொஞ்சம் எனக்காகவும்தான் :)

என் கதை சின்னது. விழுப்புரத்தில் ஒன்பதாவது படிக்கும்போது என்.சி.சி. கேம்ப்பில் பாயிண்ட் டூ டூ ரைபிளில் சுட விட்டார்கள். குறி எங்கே போனதோ தெரியாது. மனதில் நின்றது என்னவோ, சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, எண்ணி, ஒன்று குறையாமல் ஒப்படைத்ததுதான். தக்குனூண்டு பித்தளைக் குப்பி. உள்ளே கருகிய வாசனை. "இதைத் திரும்ப நிரப்ப முடியாதா சார்?" என்று கேட்டேன். "போய் லைன்ல நில்லுடா" என்று பதில் வந்தது.

கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது: பாயிண்ட் டூ டூ தோட்டாவைத் திரும்ப நிரப்புவது நடைமுறையில் ஆகாது. பற்றவைக்கும் மருந்து அதன் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஒருமுறை அடிபட்டு நசுங்கினால் அந்தக் குப்பியின் கதை முடிந்தது. ஆனால் பெரிய தோட்டாக்கள் அப்படி இல்லை. அவற்றில் நாலு சமாச்சாரம் உண்டு. பித்தளைக் குப்பி, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மூன்று போய்விடும், குப்பி மட்டும் மிஞ்சும். நாலில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான். சுட்டதில் உப்பிய குப்பியை அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். செத்த பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுத்துப் போடுவார்கள். ஒரு கிரெயின் என்றால் 65 மில்லிகிராம் சொச்சம், நம் பத்தர் கடைக் குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி! அமெரிக்காவில் கார் ஷெட்டில் மேசை போட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதைச் செய்கிறவர்கள் ஏராளம்.

இதில் சலிப்பும் வரும். கடைத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று தோன்றும். 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே கடைகளில் பிரைமருக்குப் பஞ்சம். ரெமிங்டன் கம்பெனி அதே வருடம் திவால் நோட்டீஸ் கொடுத்தது. குப்பி இருக்கிறது, மருந்து இருக்கிறது, பிரைமர் இல்லை என்றால் என்ன செய்வது? மெஷினைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். ஆனாலும் திரும்பி வருகிறார்கள். ஏன் என்றால் இந்த ஆசைக்கும் சுடுவதற்கும் சம்பந்தம் குறைவு. பூத்தொடுப்பது, வலை பின்னுவது, கோலமாவு சலிப்பது மாதிரி இது ஒரு கைவேலை. அளவு பிசகக் கூடாது, அவசரம் கூடாது, பேசிக்கொண்டே செய்யக் கூடாது. விரலுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போனால் போதும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தோட்டா என்றால் என்ன என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. தோட்டாவின் பாகங்களும் தோட்டா. தோட்டா செய்கிற இயந்திரமும் தோட்டா! மாவு அரைக்கும் கிரைண்டரும் இட்லிதான் என்பது போல. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். ஒரு மாணவன் பொழுதுபோக்குக்காகத் தொடக்கூடிய விஷயமே இல்லை. அத்தோடு என் ஆர்வம் ஆறிப்போனது. ரெண்டு வருடம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உடனே, "அமெரிக்கா மாதிரி இங்கேயும் திறந்து விடணும் மச்சி" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம் சாமி. அங்கே பள்ளிக்கூடங்களில் நடக்கிற கொடுமையைப் பார்த்த பிறகும் அப்படிப் பேச ஒரு தனி மனசு வேண்டும். சட்டம் கடுமையாகவே இருக்கட்டும். என் சண்டை சட்டத்தோடு இல்லை. கதவைச் சாத்தியவர்கள் ஒரு ஜன்னலைக்கூடத் திறந்து வைக்கவில்லையே, அதோடுதான். அதுவும் யாருக்குச் சாத்தினார்கள், யாருக்குத் திறந்தார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

நரிக்குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் இருந்தது வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. ஒவ்வொரு வேட்டையும் கையால் தயாரித்தாக வேண்டும். மருந்து, நார், ரவை, மேலே மறுபடி நார், கம்பியால் இடித்து இறுக்கம், கடைசியாகக் கேப்பு. தோட்டா என்ற கூடே கிடையாது, குழல்தான் கூடு. அமெரிக்காக்காரர் மேசை விளக்குக்குக் கீழே டிஜிட்டல் தராசு வைத்துச் செய்வதை இவர்கள் வயல் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம், பாசிமணி விற்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "கெட்டிக்கிறதுதான் தம்பி வேலை. சுடுறது ஒரு நொடி. மழைக்காலத்துல மருந்து நமுத்துப்போச்சுன்னா அன்னிக்குப் பட்டினி" என்றார். அவர் பேரன் பக்கத்தில் செல்போனில் துப்பாக்கி கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸ் என்ற ஏற்பாடே போய்விட்டது. இதில் எனக்கு வருத்தமே இல்லை. நான் பறவைகள் கட்சி. மரக்காணம் பக்கத்துக் கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அங்கே ஒரு கொக்கின் மேல்கூட ரவை பட வேண்டாம்.

ஆனால் வேட்டையைப் பற்றிப் பேசும்போது நாம் வைத்திருக்கும் அகராதியைக் கவனியுங்கள். துரையும் ஜமீன்தாரும் சுட்டால் அதற்குப் பெயர் ஷிகார். புலித்தோலோடு போட்டோ எடுத்து வரவேற்பறையில் மாட்டலாம். நரிக்குறவர் சோற்றுக்காகக் காடை சுட்டால் திருட்டு வேட்டை. ஜிம் கார்பெட் சிறுவனாகக் கை பழகியதும் ஒரு குழல் வெடித்துப்போன, வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியில்தான். அவர் பெயரில் தேசியப் பூங்கா இருக்கிறது. (கார்பெட் மேல் எனக்கு மரியாதை உண்டு, அது வேறு.)

இன்னொன்று. குடகில் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவில் விலக்கு உண்டு, சில வகைத் துப்பாக்கிகளை லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-ல் செல்லும் என்று சொல்லிவிட்டது. காரணம் என்ன? துப்பாக்கி அவர்கள் பண்பாட்டின் பகுதி. இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. அப்படியானால் தலைமுறை தலைமுறையாக மருந்து கெட்டித்தவர்களின் பண்பாடு மட்டும் எப்படி போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரமாகவே நின்றுபோனது? அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதற்கே 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைத்தது.

அதற்காக அவர்களுக்கும் துப்பாக்கி விலக்கு கொடு என்று கேட்கிறேனா? இல்லை. நான் கேட்பது இதைவிடச் சின்னது.

நிற்க. என் ஆர்வம் திரும்பி வந்த கதையைச் சொன்னால்தான் அது விளங்கும். போன வருடம் உறவுக்கார அண்ணன் ஒருவர் சென்னையில் ஒரு பயிற்சி அரங்கத்துக்குக் கூட்டிப்போனார். பத்து மீட்டர் ஏர் ரைபிள். மருந்தும் இல்லை, வெடியும் இல்லை, அழுத்திய காற்றுதான். 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டை ஒவ்வொரு தடவையும் விரலால் எடுத்து வைக்க வேண்டும். எதிரே அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் ஒரு குத்து. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு.

சுடப்போன நான் ஒரு ஓரத்து மேசையில் நின்றுவிட்டேன். அங்கே ஒரு பெண், ப்ளஸ் டூ படிப்பாள் போல, டப்பாவிலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் அரை கிராம் சொச்சம். சற்றுக் கூடினால் ஒரு கிண்ணம், குறைந்தால் இன்னொரு கிண்ணம். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனி டப்பாவே விற்கிறார்கள். ஓரம் நசுங்கியது குப்பைக்கு. முக்கால் மணி நேரம் அவள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கார் ஷெட்டுக்காரரின் மேசை, பஸ் ஸ்டாண்டு பெரியவரின் வரப்பு, இரண்டும் அங்கே இருந்தன. லைசென்ஸ் பிரச்சினையும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டித் துப்பாக்கியின் சக்தி இதில் பாதிகூடக் கிடையாது. வீட்டுக்கு வரும்போது செங்கல்பட்டு தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தேன், அண்ணன் தூங்கிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இதற்கு விழுப்புரத்துக்காரன் ஏன் சென்னைக்குப் போக வேண்டும்? இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் தொட்டுவிடும் தூரம். 2019-ல் உலகக் கோப்பை இறுதியில் தங்கம், பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்ஸ். ஆனால் அவர் வளர்ந்ததும் துப்பாக்கி பிடித்ததும் குஜராத்தில். குடும்பம் அகமதாபாத்துக்குப் போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பாரிஸில் தமிழ்நாட்டுக்காகப் பெருமைப்பட வைத்த இன்னொருவர் ட்ராப் வீரர் பிரித்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். அவர் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. அரண்மனையிலிருந்து வந்தால் ஒரு வழி, குடும்பம் ஊர் மாறினால் ஒரு வழி. நரிக்குறவர் காலனியில் பிறந்தவனுக்கு மூன்றாவது வழி எங்கே?

இதை ஒரு பேராசிரியரிடம் சொன்னேன். "அவங்க கையில துப்பாக்கியா? குருவி, கொக்கு ஒண்ணு மிஞ்சாது" என்றார். படித்தவர் வாயில் "அவங்க" என்ற சொல் எப்படி விழுகிறது பாருங்கள். என்.சி.சி.யில் எங்களுக்கு ரைபிள் கொடுத்தபோது யாரும் குருவியை நினைத்துக் கவலைப்படவில்லையே? சுட்டு முடித்தால் எண்ணி வாங்கிப் பூட்டி வைத்தார்கள். இங்கேயும் துப்பாக்கி அரங்கத்துப் பெட்டியில் இருக்கும், சாவி பயிற்சியாளரிடம் இருக்கும். வேட்டைக்காரன் பேரன் வேட்டைதான் ஆடுவான் என்றால் சாராயக் கடை ஏலம் எடுத்தவர் பேரன் ஏன் என்ஜினியரிங் காலேஜ் நடத்துகிறார்?

"செலவு?" என்று அடுத்த கேள்வி. சர்வதேசப் போட்டித் துப்பாக்கி லட்சக்கணக்கில் ஆகும், உண்மைதான். பழகுவதற்கு அது தேவையில்லை. உள்நாட்டில் செய்த சாதாரண ஏர் ரைபிள் நாலு, குண்டு பிடிக்க இரும்புப் பெட்டி, அட்டை, ஒரு தராசு. கிரிக்கெட் மைதானம் மாதிரி ஏக்கர் கணக்கில் நிலம் கேட்கவில்லை. கூரை போட்ட, பின்பக்கம் முழுச் சுவர் உள்ள, குறுக்கே ஆள் நடக்க முடியாத ஒரு நீளமான கூடம். இலக்கு வரைக்கும் பத்து மீட்டர், அதற்குப் பின்னால் நாலடி, சுடுகிறவர் நிற்க நாலடி. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் திறக்கிற கட்டிடங்கள் எத்தனை இருக்கின்றன? நான் காலால் அளந்து பார்த்த ஒன்று பதினாறு மீட்டர் வருகிறது. உள்ளே உடைந்த பெஞ்சும், போன தேர்தலின் மூங்கில் தட்டியும் கிடக்கின்றன.