பெட்டிக்குள் தங்கும் சின்னப் படங்கள்



பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில் கல்யாணப் படம், திருவிழாப் படம், மைகார்டு படம் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். போல்டரைத் திறந்ததும் நகத்தளவில் வரிசையாகத் தெரிகின்றனவே, அவை மூலப் படங்கள் அல்ல. பெரிய படத்தை ஒவ்வொரு முறையும் சுருக்கிக் காட்ட நேரமாகும். ஆகவே விண்டோஸ் ஒருமுறை சுருக்கியதைத் தனியே சேமித்து வைத்துக்கொள்கிறது. 2001இல் வந்த எக்ஸ்பியில் அது அந்தந்தப் போல்டரிலேயே மறைந்திருந்தது. 2007இல் விஸ்டா வந்தபின் எல்லாம் ஓரிடத்தில் சேர்கின்றன.

இங்கேதான் கவனம் வேண்டும். மூலப் படத்தை அழித்த பிறகும் சின்னப் படம் தங்கிவிடக்கூடும். மைகார்டு படத்தை அழித்தாயிற்று என்று நம்பிப் பெட்டியை விற்றுவிடாதீர்கள். டிஸ்க் முழுவதையும் துடைக்கச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள். (வெட்கப்பட என்ன இருக்கிறது? பெட்டி நம்முடையது!)

விற்காமல் இடத்தை மட்டும் மீட்க வேண்டுமா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று போய், 'தம்ப்நெயில்ஸ்' என்பதற்கு மட்டும் அடையாளமிட்டு அழியுங்கள். மூலப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று உண்டு. அதைத் தொடவே வேண்டாம். வெளியூரில் வேலை செய்யும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேரப்பிள்ளை படம் அங்கே கிடக்கலாம்.

அடுத்த முறை திறக்கையில் படங்கள் சற்றுத் தாமதமாக வரும். பயப்படாதீர்கள், புதிதாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறது.