பின்கண்ணாடிக்கும் ஒரு சாட்சி வேண்டும்

"முன்னாடி ஒண்ணு போட்டா போதும் சார். பின்னாடி எதுக்குத் தண்டச் செலவு?"

கார் சாமான் விற்கும் கடைகளில் டேஷ் கேமரா கேட்டுப் போகிறவர்களுக்கு இப்போது கிடைக்கும் உபதேசம் இதுதான். கடைக்காரர் சொல்கிறார், வண்டி ஓட்டும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் தலையாட்டிவிட்டு முன்கண்ணாடியில் ஒன்றை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் தலையாட்டத் தயாராயில்லை. முன்னால் மட்டும் கேமரா வைப்பது பாதி உண்மையைப் பதிவு செய்வது. பாதி உண்மை என்ன பாடுபடுத்தும் என்று அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். குறிப்புப் பக்கம் இருந்து கடிதப் பக்கம் காணாமல் போன கோப்பை வைத்து எந்த முடிவும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "பின்னாலிருந்து எவன் இடித்தாலும் தப்பு அவன் மேல்தான். சட்டமே அப்படித்தான். அதற்குக் கேமரா எதற்கு?" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீதிமன்றத்தில் அது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

கோயம்புத்தூரில் 2017 ஜனவரி 7-ஆம் தேதி நடந்த விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இன்ஜினியரிங் மாணவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். முன்னால் போன கார் திடீரென்று நின்றது. காரின் பின்புறத்தில் மோதிச் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர் காலில் ஏறியது. அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் காரோட்டி.

விபத்து தீர்ப்பாயம் கார் மேல் குற்றமே இல்லை என்றது. உயர் நீதிமன்றம் காருக்கு 40, பேருந்துக்கு 30, மாணவருக்கு 30 சதவீதம் என்று பங்கு பிரித்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29 அன்று, காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்று தீர்த்தது. வேகமாக வண்டிகள் போகும் சாலையில் பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை காட்டாமல் நடுவில் நிறுத்துவது கவனக்குறைவுதான் என்று சொல்லி, நஷ்டஈட்டை ரூ.91 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. ஒரே விபத்துக்கு மூன்று கணக்கு. கால் போன பிள்ளை எட்டரை வருஷம் காத்திருந்தான்.

இதே உச்ச நீதிமன்றம் 2018-ல் வேறொரு வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. அங்கே முன்னால் போன லாரி திடீரென்று நின்றது, பின்னால் வந்த கார் மோதியது. 10–15 அடி இடைவெளியில் பின்தொடர்ந்த காரோட்டி மேல்தான் தவறு என்று முடிவாயிற்று. இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்க வேண்டாம். நடந்தது வேறு, அதனால் முடிவும் வேறு. இடைவெளி எத்தனை அடி, நிற்பதற்குக் காரணம் இருந்ததா, எச்சரிக்கை காட்டினாரா என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

ஆகவே ஒவ்வொரு திடீர் பிரேக்குக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. முன்னால் தடை ஏதாவது இருந்ததா? பின்னால் வந்தவர் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வந்தார்? முன்கேமரா முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனிடம் பதில் கிடையாது. இடித்த சத்தம் கேட்கும், படம் குலுங்கும், அவ்வளவுதான்.

நம் நெம்மேலிப் பக்கத்தில் இந்த இரண்டு கேள்வியும் தினமும் எழுகிறது. கோவளம் தாண்டியதும் திருவிடந்தை, முதலைப் பண்ணை, நம் ஊர்க் கடல்நீர் ஆலை, பட்டிபுலம், சாளுவன்குப்பம், மாமல்லபுரம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நேராகப் போகிறது. நேர்ச் சாலை என்றால் காலில் பாரம் கூடிவிடும். சனி, ஞாயிறு காலையில் கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே சாலையைத்தான் மாடு கடக்கிறது, நாய் கடக்கிறது, மீன் கூடையோடு பெண்கள் கடக்கிறார்கள், பஸ் விட்டு இறங்கிய பிள்ளைகள் கடக்கிறார்கள். மாட்டுக்காக நீங்கள் பிரேக் போடுகிறீர்கள். பின்னால் வருகிறவன் உங்கள் டிக்கியில் ஏறுகிறான். கூட்டம் கூடுகிறது. மாடு அதற்குள் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டது. இனி யார் குரல் பெரிதோ அவர் சொல்வதுதான் நடந்தது.

விபத்து மட்டும்தானா? 2025 ஜனவரியில் முட்டுக்காடு அருகே இரவில் பெண்கள் வந்த காரைச் சில இளைஞர்கள் வழிமறித்துத் துரத்தியதாகப் புகார் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கானத்தூர் போலீசார் வழக்குப் பதிந்தார்கள், கைதும் நடந்தது. அந்த விவகாரம் ஊருக்குத் தெரிந்தது காருக்குள் இருந்த பெண்கள் செல்போனில் எடுத்த படத்தால். பயத்தில் கை நடுங்கும் நேரத்தில் ஒருவர் போனைப் பிடித்துப் படமெடுக்க வேண்டுமா? துரத்துகிறவன் பின்னால்தானே வருவான்? முன்கண்ணாடிக் கேமரா வெறும் சாலையைத்தான் காட்டும்.

முன்னும் பின்னும் கேமரா என்பது அரசுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்தான். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பள்ளி வாகன விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் கட்டாயம் என்றது. அவை ஓட்டுநர் பார்ப்பதற்கான கேமராக்கள், சாட்சிக்கானவை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டிக்குப் பின்பக்கமும் உண்டு என்று விதி எழுதுகிறவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம் கடைக்காரர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, பின்னாலும் வைப்பது என்று முடிவானால் அடுத்த வலை விரிக்கிறார்கள். "ஒரே செட்டில் முன்னும் பின்னும் வருது சார், அதை வாங்குங்க." அந்த செட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் பின்கேமராவுக்குத் தனி மூளை கிடையாது, தனி மெமரி கார்டும் கிடையாது. நீளமான ஒரு வயர் மேல்கூரைத் துணிக்குள் ஓடி முன்கேமராவில் சொருகியிருக்கும். படம் முழுவதும் முன்னால் இருக்கும் ஒரே கார்டில்தான் ஏறும். நேருக்கு நேர் மோதலில் முன்கேமரா நொறுங்கினால், அல்லது யாராவது கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனால், இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் போய்விடும். கார்டு கெட்டாலும் அப்படியே. டிக்கிக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி அந்த வயர் கீல் இருக்கும் இடத்தில் அறுந்துபோவதும் உண்டு.

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இரட்டைப் பூட்டு தெரியும். ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று காசாளரிடம். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து ஒருவர் இடுப்பில் தொங்கவிட்டால் அதற்குப் பெயர் இரட்டைப் பூட்டா? ஒரே கார்டில் எழுதும் இரண்டு கேமராவும் அப்படித்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தனித்தனிக் கார்டு, தனித்தனி மின் இணைப்பு. பின்னால் உள்ளதற்கு டிக்கியில் பவர் சாக்கெட் இருந்தால் அதிலிருந்தே எடுக்கலாம். இல்லாவிட்டால் நல்ல எலக்ட்ரீஷியன் பியூஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

இதற்கும் ஆட்சேபணை சொல்கிறார்கள். இரண்டு கேமராவில் இரண்டு கடிகாரம், நேரம் ஒத்துப்போகாது என்கிறார்கள். உண்மைதான். மாதம் பிறந்தால் இரண்டையும் செல்போன் மணிக்குச் சரிசெய்துவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது தேதியையும் மணியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், இரண்டின் மைக்கிலும் பதிவாகும். அடுத்து வெயில். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியோரம் பாட்டரி வைத்த கேமரா உப்பிப்போகும். பாட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் இரவில் ஒன்றும் தெரியாது. அந்தத் தாளை உச்ச நீதிமன்றம் 2012-லேயே கூடாது என்று சொல்லிவிட்டது, உரித்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டம், "எல்லாவற்றையும் படமெடுப்பது அநாகரிகம்" என்கிறது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் 2018-ல், ஓயாமல் சாலையைப் படமெடுப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. நாமும் அந்த எல்லையில் நிற்கலாம். பதிவு நீதிமன்றத்துக்கும் போலீசுக்கும். வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வேடிக்கை காட்டுவதற்கு அல்ல.

பாரீஸில் இருக்கும் என் தம்பி மகன், "பெரியப்பா, இங்கே இவ்வளவு ரகளை கிடையாது" என்பான். பிரான்சில் சின்ன விபத்து நடந்தால் இரண்டு ஓட்டுநரும் சேர்ந்து ஒரே படிவத்தை நிரப்புவார்கள். 'கோன்ஸ்தா அமியாப்ல்' என்று பெயர், இணக்கமான விபத்து அறிக்கை என்று சொல்லலாம். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், நடுவில் என்ன நடந்தது என்று டிக் போட 17 கட்டங்கள், கீழே ஒரு வரைபடம், இரண்டு பேர் கையெழுத்து. ஒரே திசையில் போகும்போது பின்னாலிருந்து மோதினேன் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஐந்து வேலை நாளுக்குள் இன்சூரன்சுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காகிதத்தின் மதிப்பு, இரண்டு பக்கமும் அதில் இருப்பதுதான். நம் சாலையில் எதிராளி கையெழுத்துப் போடுவான் என்று நான் கனவு காணவில்லை. அவன் பக்கத்தையும் என் வண்டியே பதிவு செய்யட்டும் என்கிறேன்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது, அது சபை ஏற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நகலைக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் பதிவைத் தருகிறவரும், மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே விபத்து நடந்தவுடன் இரண்டு கார்டையும் கழற்றி ஒரு உறையில் போட்டு, தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். கழற்றாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கேமரா வைத்திருக்கும் பலர், தனக்குச் சாதகமாக இருந்தால் கார்டை நீட்டுகிறார்கள், பாதகமாக இருந்தால் "அன்னிக்கு ரெக்கார்டே ஆகலை" என்கிறார்கள். இது கேமரா இல்லாமல் இருப்பதைவிடக் கேவலம். நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய மின்னணுப் பதிவை அது சாட்சியமாக வரக்கூடாது என்று அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டம் கிடக்கட்டும், மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

2024 நவம்பர் 27 அன்று, நமக்குப் பக்கத்தில், திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே பண்டிதமேட்டில், மாடு மேய்த்துவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மேல் கார் ஏறியது. ஐந்து பேரும் இறந்தார்கள். மாடு மேய்ப்பவளிடமும் மீன் விற்பவளிடமும் சைக்கிளில் போகும் பையனிடமும் கேமரா இருக்காது. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லக்கூடிய கண், அந்த வழியே போகும் நம் கார்களில்தான் இருக்கிறது. நம்மைத் தாண்டிச் சீறிப்போகிறவனை முன்கண் பார்க்கும், நாம் தாண்டி வந்த இடத்தில் நடப்பதைப் பின்கண் பார்க்கும். ஆகவே கார் வைத்திருக்கிறவர் தன் இன்சூரன்சுக்காக மட்டும் கேமரா வைப்பதாக நினைக்கக் கூடாது.

கார் வாங்க லட்சங்களைக் கொட்டுகிறோம். சீட் உறைக்கும் ஸ்டீரியோவுக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. பின்கண்ணாடிக் கேமரா என்றதும் சிக்கனம் ஞாபகம் வருகிறது. அடுத்த முறை கடைக்காரர் "முன்னாடி போதும் சார்" என்றால், "இரண்டு கேமரா, இரண்டு கார்டு, இரண்டு வயர்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். பிள்ளைகள் சிரித்தால் கோயம்புத்தூர்த் தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பதிவில் தவறு உங்கள் பக்கம் என்று தெரிந்தாலும் அந்தக் கார்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.