ஆறு மூளைகளும் ஒரு வேரும்

மனச்சோர்வில் விழுந்தவரைப் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டார் சொல்வார்கள்: "மூளையில ஏதோ ரசாயனம் குறைஞ்சுபோச்சாம். மாத்திரை போட்டா சரியாயிடும்." திருநங்கையான பிள்ளையைப் பற்றி ஊர் பேசும்போது தாய் சொல்வார்: "அது ஹார்மோன் கோளாறுங்க, எம்புள்ள மேல தப்பில்ல." இரண்டும் அன்பிலிருந்து வரும் பேச்சு. அந்த அன்புக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனால் இரண்டும் துணைக்கு அழைக்கும் அறிவியல் அவ்வளவு உறுதியானதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ரசாயனக் கதையின் ஒரு நுனி நம் நாட்டு மூலிகையில் இருக்கிறது. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வகீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து முடங்கியதாக மருத்துவர்கள் எழுதினார்கள். ரிசர்பைன் கொடுத்தால் செரோடோனின் என்ற ரசாயனம் குறைகிறது என்று அமெரிக்காவில் பெர்னார்ட் பிரோடியின் ஆய்வகம் 1955இல் கண்டது. நியூயார்க்கின் காசநோய் மருத்துவமனை ஒன்றில் இப்ரோனியசிட் என்ற மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகளோ உற்சாகம் கொண்டார்கள். அந்த மருந்து இதே வகை ரசாயனங்கள் சிதையாமல் தடுப்பது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்: குறைந்தால் துயரம், கூடினால் மகிழ்ச்சி.

அதே 1955இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு என்ற இருவர், பதற்றமும் சோர்வும் கொண்டவர்களுக்கே ரிசர்பைனைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களே கூடுதலாகத் தேறினார்கள். முடிவு லான்செட் இதழில் வெளியானது. புதிய கொள்கையைக் கட்டியவர்கள் அதை அநேகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பொருந்தாத ஒரு சான்று இப்படி ஓரத்தில் தள்ளப்பட்டதுதான் இந்த வரலாற்றில் எங்களை மிகவும் வருத்துவது. 1965இல் இதே வகை ரசாயனக் குறைவுக் கொள்கைக்கு வடிவம் கொடுத்த ஜோசப் ஷில்ட்கிராட், இது சிக்கலான ஒன்றை மிகவும் எளிமைப்படுத்துவது என்று தம் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். 1987இன் இறுதியில் அமெரிக்காவில் மனச்சோர்வு மாத்திரையான புரோசாக்குக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் வந்த விளம்பரங்களில் அந்த எச்சரிக்கைக்கு இடமிருக்கவில்லை. புரோசாக் வகை மாத்திரைகள் செரோடோனினைச் சில மணி நேரத்தில் கூட்டிவிடும், மனம் தேற வாரக்கணக்காகும். கொள்கையை நம்பியவர்களுக்கும் இது தெரியும்.

மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரிப்பும் அவருடைய குழுவினரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று 2022இல் எழுதினார்கள். அவர்களை மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பாளர்களில் பலர், குறைவு என்ற எளிய கதையைத் துறை எப்போதோ விட்டுவிட்டது என்றார்கள். விட்டுவிட்ட செய்தி நோயாளிகளின் வீடுகளுக்கு ஏன் வந்துசேரவில்லை என்று கேட்கிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மருந்து பலருக்கு உதவுகிறது. திடீரென நிறுத்தினால் உடல் படுத்தும். மருத்துவரிடம் பேசித்தான் குறைக்க வேண்டும். காரணம் தெரியாததால் துயரம் பொய்யாகிவிடாது.

பாலின அடையாளத்துக்கு வருவோம். 1995இல் நேச்சர் இதழில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், மூளையின் அடியாழத்தில் உள்ள சின்னஞ்சிறு பகுதி ஒன்றை அளந்து எழுதினார்கள். ஆண்களுக்குப் பெரிதாகவும் பெண்களுக்குச் சிறிதாகவும் இருக்கும் அந்தப் பகுதி, திருநங்கைகளுக்குப் பெண்களின் அளவிலேயே இருந்தது. 'ஆணுடலில் பெண் மூளை' என்ற பேச்சுக்கு இது பெரும் வலுவாயிற்று. அளந்தவை இறந்துபோன ஆறு திருநங்கைகளின் மூளைகள். ஆறு பேருமே பெண் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள். அளவு சுருங்கியது ஹார்மோனால் அல்ல என்று காட்ட ஆய்வாளர்கள் முயன்றார்கள், ஆனால் ஒப்பிடக் கிடைத்தவர்கள் மிகச் சிலர். 2002இல் அதே ஆய்வகம், அந்தப் பகுதியில் ஆண் பெண் அளவு வேறுபாடு வளர்ந்தபின்தான் தெரியவருகிறது என்று கண்டது. 'சின்ன வயசிலேயே எனக்குத் தெரியும்' என்று திருநங்கைகள் பலர் சொல்வதோடு இது எப்படிப் பொருந்தும்? தம் கூற்றுக்கே இடைஞ்சலான இந்த முடிவை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். அறிவியலில் நாங்கள் மதிப்பது இந்த நேர்மையை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பெரிய பிழை நடந்தது. பாலின அடையாளம் பெரிதும் வளர்ப்பில் உருவாவது என்றார் பால்டிமோரின் உளவியலாளர் ஜான் மணி. கனடாவில் 1965இல் பிறந்த டேவிட் ரைமர், சுன்னத்தின்போது நேர்ந்த விபத்தில் ஆணுறுப்பை இழந்த குழந்தை. மணியின் யோசனைப்படி அறுவை செய்து பெண்ணாக வளர்த்தார்கள். சோதனை வெற்றி என்று மணி எழுதினார். பதின்வயதில் உண்மை தெரிந்ததும் டேவிட் ஆணாக வாழத் தொடங்கினார். 2004இல் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பொய் வெற்றியை நம்பி, ஆண் பெண் என வகுக்க முடியாத உடலோடு பிறந்த குழந்தைகளைப் பல நாடுகளில் அறுத்துத் 'திருத்தினார்கள்'. தமிழ்நாட்டில் 2019இல்தான், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பையடுத்து, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய அத்தகைய அறுவை கூடாது என்று அரசாணை வந்தது.

'பிறவியிலேயே மூளை அப்படி' என்று சொல்லி மரியாதை கேட்டால், மரியாதைக்கு மூளையைச் சாட்சியாக்குகிறோம். நாளைக்கு வேறோர் ஆய்வு அந்தச் சாட்சியைக் கலைத்தால் மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா? ஸ்கேன் எடுத்து 'நீ திருநங்கை இல்லை' என்று ஒருவரிடம் சொல்லும் நாள் வந்தால் என்ன செய்வோம்? 2014இல் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைச் சொல்லும் உரிமை அவரவருக்கே, அறுவை செய்திருக்க வேண்டுமென்று வற்புறுத்தக் கூடாது என்றது. திருநர் பற்றிய 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆண் என்றோ பெண் என்றோ பதிய மருத்துவ அதிகாரியின் சான்றைக் கேட்டது. இந்த இரண்டில் நாங்கள் தீர்ப்பின் பக்கம்.

மூளை, மரபணு, ஹார்மோன் பற்றிய கட்டுரைகளை இந்த இதழ் தொடர்ந்து வெளியிடும். எத்தனை பேரிடம் நடந்த ஆய்வு, திரும்பச் செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்ற இரண்டு விவரங்களும் அவற்றில் இருக்க வேண்டும். மாத்திரையோடு வாழ்கிறவர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி அனுப்பும்போது இந்த நிபந்தனை கிடையாது.