பயத்தின் பிரீமியம் யாருக்குப் போகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் தொண்டியைச் சுற்றியுள்ள திருவாடானை வட்டாரத்துக்கு இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். புழுதியில் விதைத்த நெல்லுக்கு மழை கைகொடுக்குமா என்பது ஒன்று; கடைசித் தேதிக்குள் பயிர்க் காப்பீடு கட்டிவிட முடியுமா என்பது மற்றொன்று. ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி இது. ஆனாலும் வானத்தையும் கண்மாயையும் விட்டால் இதற்கு வேறு போக்கிடம் இல்லை. அடங்கலுக்கும் சிட்டாவுக்கும் அலைந்து, பொதுச் சேவை மையத்தில் காத்திருந்து பணம் கட்டும் விவசாயியை அங்கே நிறுத்துவது பயம்தான். அந்தப் பயத்துக்கு என்ன விலை, அந்த விலை யாருக்குப் போகிறது என்பதை அவர் அறிய வழியில்லை.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5% மட்டுமே. மீதியை மத்திய, மாநில அரசுகள் செலுத்துகின்றன. ஓர் உதாரணம் பார்ப்போம்: ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.20,000. ஒப்பந்தப்புள்ளியில் காப்பீட்டு நிறுவனம் கோரும் பிரீமியம் 15%. அப்படியானால் மொத்த பிரீமியம் ரூ.3,000; அதில் விவசாயியின் பங்கு ரூ.300. ரூ.300 கட்டியவருக்கு அந்தத் தொகைதான் கணக்கு. ரூ.2,700 மக்களின் வரிப்பணத்திலிருந்து போவது அவர் கவனத்துக்கு வருவதே இல்லை. விலை உறைக்காத இடத்தில் பேரம் பேச ஆள் இருக்காது.

இதன் தேசியக் கணக்கு பெரியது. 2016-17 முதல் 2021-22 வரை நிறுவனங்கள் பெற்ற பிரீமியம் சுமார் ரூ.1.59 லட்சம் கோடி. வழங்கிய இழப்பீடு சுமார் ரூ.1.19 லட்சம் கோடி. நாடாளுமன்றத்தில் மத்திய வேளாண் துறை அளித்த தகவல் இது. இடைவெளி முழுவதும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. நிர்வாகச் செலவும் மறுகாப்பீட்டுச் செலவும் இதற்குள் உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62% பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டபோது, இங்கே இழப்பீடு பிரீமியத்தைப் பெருமளவு தாண்டியது உண்மை.

நிறுவனங்களுக்கு அடி விழுந்த பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2019-20இல் ஐசிஐசிஐ லம்பார்டு, டாடா ஏஐஜி, சோழமண்டலம் எம்.எஸ்., ஸ்ரீராம் ஆகிய தனியார் நிறுவனங்கள் இத்திட்டத்திலிருந்து ஒதுங்கின. கட்டுப்படியாகாவிட்டால் விலகிக்கொள்ளும் வசதி நிறுவனத்துக்கு இருக்கிறது. மானாவாரி விவசாயி அடுத்த ஆண்டும் அதே நிலத்தில்தான் விதைத்தாக வேண்டும்.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறைதான் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை உத்தரவாத விளைச்சலாக வைக்கிறார்கள். நல்ல மழையில் ஏக்கருக்கு 1,500 கிலோ விளையும் ஓர் ஊரில், 7 ஆண்டுகளில் 4 ஆண்டுகள் பயிர் முழுவதும் கருகிவிட்டதாகக் கொள்வோம். சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி 900 கிலோ. அதில் 80% என்றால் 720 கிலோ. இந்த ஆண்டு 700 கிலோ கிடைத்தால், கணக்கில் வரும் இழப்பு வெறும் 20 கிலோ. ஏக்கருக்கு ரூ.20,000 காப்பீடு செய்தவருக்குக் கிடைப்பது சுமார் ரூ.555. அதாவது, வறட்சி அடிக்கடி வரவர உத்தரவாதம் இறங்கிக்கொண்டே போகும். கூடவே அந்த மாவட்டத்தின் ஆபத்தைக் காட்டி நிறுவனம் கோரும் பிரீமியம் ஏறும். ஒரே பேரிடர் ஒருபக்கம் விலையைக் கூட்டுகிறது, மறுபக்கம் சரக்கைக் குறைக்கிறது.

இதோடு, விளைச்சலை அளப்பது அவரவர் வயலில் இல்லை. ஊருக்குச் சில இடங்களில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனைதான் எல்லோருக்கும் முக்கிய அளவுகோல். கண்மாய்க்கு அருகிலுள்ள வயல் விளைந்துவிட்டால், கடைமடையில் சாவியாகிப்போன பயிருக்கு நியாயம் கிடைப்பது கடினம்.

பயம் மிகுந்த நேரத்தில் வாங்குபவர் விலை பார்ப்பதில்லை என்பதைக் கொரோனா காலமும் காட்டியது. 2020 ஏப்ரலில், இறக்குமதிச் செலவு ரூ.245 ஆன ரேபிட் பரிசோதனைக் கருவி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ரூ.600க்கு விற்கப்பட்டது. தமிழ்நாடு அரசுக்கும் அதே விலைதான். இது எந்தத் தணிக்கையிலும் வெளிப்படவில்லை. இறக்குமதியாளரும் விநியோகஸ்தரும் தமக்குள் வழக்காடப் போய், டெல்லி உயர் நீதிமன்றத்தில் அம்பலமானது. நீதிமன்றம் விலையை ரூ.400க்கு மேல் போகாமல் நிறுத்தியது.

காப்பீடு தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2020இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்கு ஒரு வழி கண்டார்கள்: இழப்பீடு குறைந்த ஆண்டில் நிறுவனம் பிரீமியத்தில் 20% வரை வைத்துக்கொண்டு, மீதியை மாநில அரசுக்குத் திருப்ப வேண்டும், இழப்பீடு பிரீமியத்தில் 110 விழுக்காட்டைத் தாண்டினால் மேற்பட்டதை அரசு ஏற்கும். லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தாலும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால், திரும்பிவரும் பணம் அரசின் பொதுக் கணக்கில் கரைந்துவிடக் கூடாது. எந்த மாவட்டத்தின் பயத்தில் திரண்டதோ, அந்த மாவட்டத்தின் கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் தூர்வார அது செலவாக வேண்டும். உத்தரவாத விளைச்சலைக் கணக்கிடும்போது வறட்சி ஆண்டுகளை முழுவதுமாக விலக்க வேண்டும். ஊரின் பெயரில் போன மொத்த பிரீமியம், அறுவடைப் பரிசோதனை முடிவுகள், கிடைத்த இழப்பீடு ஆகிய மூன்றையும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ரூ.300 கட்டியவருக்கு மீதி ரூ.2,700க்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு. அதுவும் அவர் பெயரில் போன பணம்தான்.